ஒன்பது மடங்கு கூலி: ஒரு பிரெஞ்சு–தமிழ் மொழிபெயர்ப்பு அழைப்பை எடைபோட்ட விதம்

கடலூர் முதுநகரில் வீடு. பிரெஞ்சு படித்தது புதுச்சேரியில். சில ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பிரெஞ்சு–தமிழ் மொழிபெயர்ப்பு செய்து வரும் ஓர் இளம்பெண்ணுக்கு வந்த வேலை அழைப்பைப் பற்றியது இந்த ஆய்வு. அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அழைப்பில் இருந்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. அதற்கான காரணம் போகப் போகத் தெரியும். நான் புதுச்சேரியில் இதே தொழிலில் அவளைவிடக் கூடுதல் காலம் இருப்பவள். "அக்கா, இதுக்கு சரின்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டு அந்த அஞ்சலை எனக்கு அனுப்பினாள்.

அஞ்சலில் இருந்தது இதுதான். லியோன் நகரத்து மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்று. புதிதாகக் குடியேறியவர்களுக்கான சுகாதாரக் கையேடு, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு, 38,000 சொற்கள், மூன்று வாரம். சொல்லுக்கு 0.14 யூரோ. மொத்தம் 5,320 யூரோ, பாதி முன்பணம். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே 5,32,000 ரூபாய் ஆகிறது. உள்ளூர் ஏஜென்சிகள் அவளுக்குத் தருவது சொல்லுக்கு ஒன்றரை ரூபாய். அந்தக் கணக்கில் இதே வேலைக்கு 57,000 ரூபாய்தான் வரும். ஒன்பது மடங்குக்கும் மேல்.

கடலூர், புதுச்சேரி பக்கம் வேலை மோசடி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வேறு வகை. வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்குவது, பிறகு பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டுவது. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் நூறு இருநூறு கொடுத்துவிட்டு, அப்புறம் பெரிய தொகையைக் கட்டச் சொல்வது. இவற்றிலெல்லாம் ஒரு கட்டத்தில் நம் கையிலிருந்து பணம் கேட்பார்கள். ஆகவே, வேலை தருகிறவனுக்கு நாம் பணம் கொடுக்கக் கூடாது என்ற ஒரு விதியே போதும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த அழைப்பில் யாரும் அவளிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. அதனாலேயே அவள் பாதி நம்பிவிட்டாள். படித்து, தொழில் தெரிந்த பிள்ளைகளைத் தேடி வருவது இந்த வகைதான், அதனால் இதை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

யாருக்கு அதிகம்?

கூலி அதிகமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து இதைப் போலி என்று தள்ளிவிட முடியாது. அப்படித் தள்ளுகிறவர்கள் நல்ல வேலைகளையும் இழக்கிறார்கள். சொல்லுக்கு 0.14 யூரோ கடலூரில் இருந்து பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிரான்சில் வாடகையும் வரியும் கட்டி வாழ்கிற மொழிபெயர்ப்பாளருக்கு அது வழக்கத்துக்கு மாறான விலை அல்ல. பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்களும் குறைவு. பெரும்பாலான வேலை ஆங்கிலம் வழியாகச் சுற்றித்தான் வருகிறது. பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அவர்களுக்காக மருத்துவமனை, பள்ளி, குடியேற்றம் சார்ந்த தாள்கள் தமிழில் தேவைப்படுவதும் உண்மை. காலக்கெடுவும் நியாயமாகவே இருந்தது. நாளுக்கு இரண்டாயிரம் சொல் சொச்சம் என்பது நம் தொழிலில் சாதாரண வேகம்.

ஆக, ஒரு பிரெஞ்சு நிறுவனம் இந்த விலை கொடுப்பதில் அதிசயமில்லை. இந்த விலை கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் அதை ஏன் கடலூரில் வந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் உறுத்தியது. இந்தியாவில் ஆள் தேடும் ஏஜென்சி பெரும்பாலும் செலவைக் குறைக்கத்தான் தேடும். முதல் அஞ்சலிலேயே "உங்கள் ரேட் என்ன?" என்று கேட்கும், சொன்னதும் பேரம் பேசும். இவர்களோ அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஐரோப்பிய விலையைச் சொன்னார்கள். அவளுடைய மாதிரிப் பக்கம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஐந்து லட்ச ரூபாய் வேலையை, செய்யப்போகிறவளின் ஒரு பத்தியைக்கூடப் படிக்காமல் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

நான் இப்படித்தான் பார்ப்பேன். கூலி அதிகம் என்றால் அதற்கான காரணம் அந்த வேலைக்குள்ளேயே தெரிய வேண்டும். அவசரம், அரிதான திறமை, கடினமான மூலம், தவறு நேர்ந்தால் பெரிய நஷ்டம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்தக் காரணம் உள்ளவன் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவான், கேள்வி கேட்பான், நம்மையும் சோதிப்பான். இங்கே அப்படி யாரும் எதையும் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டது

அஞ்சலின் பிரெஞ்சு பிழையில்லாமல் இருந்தது. இதை அவள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டாள். எந்த மொழியிலும் சுத்தமாக எழுதித்தரும் கருவிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. எழுத்துப்பிழையை வைத்து ஏமாற்று அஞ்சலைக் கண்டுபிடித்த காலம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அனுப்பியிருந்த மூலக் கோப்பிலிருந்து ஒரு நீண்ட வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினோம். பொதுமக்களுக்கென்று இணையத்தில் இலவசமாக வைக்கப்பட்ட ஒரு கையேட்டின் பகுதி அப்படியே வந்து நின்றது. இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. பொதுக் கையேட்டைத் தமிழாக்க விரும்பும் அமைப்புகள் இருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர்களைக் குறிவைக்கும் மோசடிகளில் மூல உரை பெரும்பாலும் இப்படி இணையத்தில் இருந்து அள்ளியதாகத்தான் இருக்கும். அவர்களுக்கு உரை தேவையில்லை, வேலை மாதிரி தெரிய ஏதோ ஒரு கோப்பு வேண்டும்.

அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையே கேட்கச் சொன்னேன். படிக்கப்போவது ஈழத் தமிழர்களா, தமிழ்நாட்டிலிருந்து போனவர்களா? பிரான்சில் வழங்கப்படும் தமிழ்க் கையேடு என்றால் இதுதான் முதல் கேள்வி. "ஆஸ்பத்திரிக்குப் போ" என்பதைச் சொல்லும் விதம்கூட யாழ்ப்பாணத்தில் ஒரு மாதிரி, கடலூரில் வேறு மாதிரி. திருத்தப்போவது யார்? கலைச்சொல் பட்டியல் உண்டா? எந்த மென்பொருளில் செய்ய வேண்டும்? பிரெஞ்சுச் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் பெயர்களை அப்படியே ஒலிபெயர்ப்பதா, விளக்கம் சேர்ப்பதா?

இந்தத் தொழிலில் இருக்கும் திட்ட மேலாளருக்கு இப்படிப்பட்ட கேள்விகள் வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆள் சரியானவள் என்று அப்போதுதான் அவருக்கு நம்பிக்கை வரும். வந்த பதிலில் "எந்தத் தமிழும் பரவாயில்லை, உங்கள் அனுபவத்தை நம்புகிறோம்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே நான்கு வரிகள் முழுக்க வங்கி விவரம் கேட்டவை: கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பான் நகல், ரத்து செய்த காசோலை. இது போலிதான் என்று எனக்கு முக்கால்வாசி உறுதியானது இந்தப் பதிலில்தான். அடுத்து வரும் சோதனைகள் அவளுக்காகவும் செய்தவை. அவளுக்கு இன்னும் ஆசை விடவில்லை. ஐந்து லட்சம் என்றால் யாருக்குத்தான் விடும்?

நிறுவனம் நிஜம், அஞ்சல் பொய்

பிரான்சில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சிரென் என்ற 9 இலக்க எண் உண்டு. அதோடு கிளையைக் குறிக்கும் 5 இலக்கம் சேர்ந்தால் 14 இலக்க சிரெத் எண். பிரெஞ்சு அரசே நடத்தும் நிறுவன அடைவில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அஞ்சலின் அடியில் இருந்த சிரெத் எண்ணைப் போட்டதும் லியோன் நிறுவனம் அப்படியே வந்தது. பெயர், முகவரி, தொழில் வகை எல்லாம் பொருந்தின. "பாத்தீங்களாக்கா, நிஜக் கம்பெனிதான்" என்றாள்.

நிறுவனம் நிஜம்தான். அஞ்சல் எழுதியவர் அந்த நிறுவனத்துக்காரர்தானா என்பது வேறு கேள்வி. பலர் இந்த இடத்தில்தான் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். பதிவு எண் ரகசியம் இல்லை. நிறுவனத்தின் இணையதளத்திலேயே கிடக்கிறது, யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

நிறுவனத்தின் தளம் டாட் எஃப்ஆர் என்று முடிந்தது. அஞ்சல் வந்த முகவரியில் அதே பெயர், நடுவில் ஒரு கோடு, முடிவில் டாட் காம். இப்படிப்பட்ட இணையப் பெயரை, அதாவது டொமைனை, எப்போது பதிவு செய்தார்கள் என்பதை ஹூயிஸ் தேடலில் பார்க்கலாம். பெயரையும் முகவரியையும் மறைத்திருந்தாலும் தேதி பெரும்பாலும் தெரியும். நிறுவனம் பல ஆண்டுகளாக இருக்கிறது. இந்த டாட் காம் பதிவாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அவள் இன்னொன்றையும் பார்த்து வைத்திருந்தாள். ஜிமெயிலில் அஞ்சலின் மூலத்தைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். மூன்றிலும் பாஸ் என்று இருந்ததால் அஞ்சல் சரியானது என்று நினைத்தாள். அந்தச் சோதனைகள் சொல்வது, இந்த அஞ்சல் இந்த டொமைனிலிருந்துதான் கிளம்பியது என்பதை மட்டும். அந்த டொமைன் யாருடையது என்று அவை சொல்லாது. போலிக்காரன் தானே ஒரு டொமைன் வாங்கி, முறையாக அமைத்தால் அவனுக்கும் மூன்றிலும் பாஸ் கிடைக்கும்.

கடைசியில் எளிய வழிதான் உதவியது. அஞ்சலில் இருந்த தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்த முகவரிக்குப் பிரெஞ்சில் நாலு வரி எழுதினாள்: இந்தப் பெயரில் இப்படி ஒருவர் எனக்கு வேலை தருகிறார், உங்களவரா? அது வெள்ளிக்கிழமை மாலை. பிரான்ஸ் நமக்கு மூன்றரை அல்லது நாலரை மணி நேரம் பின்னால் இருந்தாலும் அன்று பதில் வரவில்லை. இந்த வார இறுதிக்குள் எதற்கும் சரி சொல்லாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பணம் வரும் வழி

சனிக்கிழமையே அந்தப் பக்கத்திலிருந்து அவசரம் தொடங்கியது. லியோன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு சனிக்கிழமை இரவு வேலை செய்கிறதாம். முன்பணத்தை யூரோவில் அனுப்பினால் தாமதமாகும், புதுச்சேரியில் உள்ள எங்கள் இந்தியப் பங்குதாரர் ரூபாயாகப் போட்டுவிடுவார் என்றார்கள். அடுத்த அஞ்சலில் இன்னொன்று வந்தது. உங்கள் முன்பணத்தோடு கையேட்டின் வடிவமைப்பாளருக்கான தொகையும் சேர்த்து 3,90,000 ரூபாய் வரும், உங்கள் பங்கான 2,66,000 ரூபாயை வைத்துக்கொண்டு மீதி 1,24,000 ரூபாயை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று.

வேலையின் உண்மையான உள்ளடக்கம் இதுதான். 38,000 சொற்களை யாரும் மொழிபெயர்க்கப் போவதில்லை. தேவைப்பட்டது அவளுடைய வங்கிக் கணக்கு, அதுவும் நல்ல பெயருள்ள, வருமான வரி கட்டுகிற, பழைய கணக்கு. வேறெங்கோ ஒருவரிடம் ஏமாற்றிப் பிடுங்கிய பணத்தை இந்தக் கணக்கில் போட்டு, ஒரு பகுதியை இன்னொரு கணக்குக்கு நகர்த்தச் செய்வார்கள். பணத்தை இழந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் செய்ததும், பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனது என்று வங்கிகள் பின்தொடர்ந்து அந்தத் தொகையை நிறுத்தி வைக்கும். வழியில் இருக்கும் ஒவ்வொரு கணக்கும் மாட்டும். கடலூரில் இருக்கிற பெண்ணின் கணக்கு, எங்கோ தொலைதூர மாநிலத்துக் காவல் நிலையத்தின் கடிதத்தால் முடங்கும். அனுப்பிய 1,24,000-க்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு (ஏமாற்றுதல்), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு (ஆள்மாறாட்ட மோசடி) ஆகியவற்றின் கீழ் நடக்கும் விசாரணையில், எனக்குத் தெரியாது, மொழிபெயர்ப்பு வேலை என்று சொன்னார்கள் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். நம்மிடம் பணம் கேட்காமல், நமக்கே பணம் போடுகிறேன் என்பவன் இதனால்தான் கூடுதல் ஆபத்தானவன்.

அந்தப் பங்குதாரர் என்று கொடுத்த ஜிஎஸ்டி எண்ணையும் பார்த்தோம். 15 எழுத்து–எண்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. இவர்கள் கொடுத்தது 07-இல் தொடங்கியது; அது டெல்லி. அடுத்த பத்தும் பான் எண். பானின் நான்காம் எழுத்து கம்பெனி என்றால் சி, தனிநபர் என்றால் பி. பிரைவேட் லிமிடெட் என்று எழுதியிருந்தவர்களின் எண்ணில் பி இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் போட்டதும் அந்தப் பதிவு ரத்தானது என்று வந்தது. இதற்கெல்லாம் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நியாயமாகச் சொன்னால், வெளிநாட்டு வேலைக்கு இந்திய ஏஜென்சி ரூபாயில் பணம் தருவது நடக்காத காரியமில்லை. அப்படியானால் ஏஜென்சியின் பெயரில்தான் இன்வாய்ஸ் போடுவோம். தொழில்முறைக் கட்டணத்துக்கு வரம்பைத் தாண்டினால் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வருமான வரி, பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணுக்குரிய வருமான வரிக் கணக்கில் தெரியும். நேராக வெளிநாட்டிலிருந்து வந்தால் அதற்கும் தடம் உண்டு: வங்கிகளுக்கிடையே பன்னாட்டுப் பணப் பரிமாற்றத் தகவல் போகும் ஸ்விஃப்ட் வழியாக வரும், எதற்கான பணம் என்று ரிசர்வ் வங்கியின் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும், கேட்டால் அந்நியப் பண வரவுக்கான சான்றும் தரும். முறையான பணம் எந்த வழியில் வந்தாலும் இப்படி ஒரு தாள் கூடவே வரும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு பதில் எழுதினாள். நானும் உட்கார்ந்து சரிபார்த்தேன். லியோன் முகவரிக்கு என் இன்வாய்ஸ், நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து யூரோவில் முன்பணம், நிறுவனத்தின் டாட் எஃப்ஆர் முகவரியிலிருந்து பர்சேஸ் ஆர்டர், என் பங்கு மட்டும், வேறு யாருக்கும் நான் பணம் அனுப்ப மாட்டேன். இவ்வளவுதான். உண்மையான வாடிக்கையாளருக்கு இதில் கோபப்பட எதுவுமில்லை. வந்த பதிலில் கூலி 0.16 யூரோவாக உயர்ந்திருந்தது, இன்று இரவே கணக்கு விவரத்தை உறுதி செய்தால். தாள் கேட்டவளுக்குக் கூலியை உயர்த்திய நிறுவனத்தை நான் என் தொழில் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவளும் அதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டாள்.

திங்கள்கிழமை பிற்பகல் உண்மையான லியோன் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பெயரில் யாரும் தங்களிடம் இல்லை, இப்படி விசாரித்தவர் அவள் மட்டும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பெயரை இங்கே போட்டால், நாளை யாராவது தேடும்போது மோசடி என்ற சொல்லோடு சேர்ந்து அந்தப் பெயர்தான் வரும். அதனால்தான் விட்டிருக்கிறேன்.

ஒப்பிடுவதற்கு இன்னொன்று

பார்வைக்கு இதைவிட மோசமாக இருந்த ஒரு வேலை எனக்கு வந்தது. வெறும் ஜிமெயில் முகவரி. கம்பெனி இல்லை, பதிவு எண் இல்லை, ஐரோப்பிய விலைக்கும் மேலே ஒரு பக்கக் கூலி. பாரிஸ் பக்கம் இருக்கும் ஒரு பெரியவர், பூர்வீகம் காரைக்கால். 1962-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பம். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தைப் பிரெஞ்சில் படித்துக் காட்ட வேண்டும், சொத்து வழக்கு ஒன்றில் தேதி நெருங்குகிறது என்றார்.

அவர் முதலில் அனுப்பியது ஒரே ஒரு பக்கத்தின் படம். இதைப் படிக்க முடிகிறதா பாருங்கள் என்றார். மை மங்கிய கையெழுத்து, புள்ளி வைக்காத மெய்யெழுத்து, குழி, மா, வேலி என்று நில அளவுகள். நான் பத்து வரி படித்து அனுப்பியதும், இரண்டு இடத்தில் நான் படித்தது தவறு என்று அவர் மறுத்தார். ஒன்றில் அவர் சொன்னதே சரி. பிறகு விலையைப் பேரம் பேசினார். நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கும் மொழிபெயர்ப்பாளர் அங்கே இருக்கிறார், உங்கள் வரைவை அவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார் என்று விளக்கினார். வேலை முடிந்ததும் பணம் அவர் பெயரிலிருந்தே வங்கி வழியாக வந்தது; நோக்கக் குறியீடு கேட்டு வங்கி என்னை அழைத்தது. கூலி ஏன் அத்தனை அதிகம் என்று எனக்கு ஒரு கணமும் கேள்வி எழவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதன் பிறகு

பணம் எதுவும் கைமாறவில்லை. ஆனால் கணக்கு விவரம் கேட்ட அன்றே அவள் தன் சுயவிவரம், பான் நகல், ரத்து செய்த காசோலை மூன்றையும் அனுப்பிவிட்டிருந்தாள். நல்லவேளையாக ஆதார் போகவில்லை. போலி வேலை அழைப்புகள் சில இந்தத் தாள்களுக்காகவே வருகின்றன. மொழிபெயர்ப்பாளர்களின் சுயவிவரத்தை எடுத்து, மின்னஞ்சல் முகவரியை மட்டும் மாற்றி, அந்தப் பெயரில் ஏஜென்சிகளிடம் வேலை வாங்குவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி.

அதனால் வங்கிக்கு எழுத்தில் தகவல் கொடுத்தாள்: என் கணக்கு விவரம் மோசடிக்காரர் கையில் இருக்கிறது, நான் எதிர்பார்க்காத வரவு எதுவும் வந்தால் அதை நான் கோரவில்லை என்று. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டாள். அந்தக் கடிதம் பின்னால் மிகவும் தேவைப்படலாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் எல்லா அஞ்சல்களையும் இணைத்துப் புகார் பதிவு செய்தாள். வீடு தமிழ்நாடு, தொழில் தொடர்பு புதுச்சேரி, எந்தக் காவல்துறை என்று முதலில் குழம்பினாள். அந்தத் தளமும் 1930 எண்ணும் நாடு முழுவதற்கும் பொது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் தன் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தாள்; அவளுடையவை மட்டுமே இருந்தன. பான் எண்ணை வைத்து வேறு யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது உடனே தெரியாது. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒரே நாளில் நான்கையும் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். முதல் அறிக்கை சுத்தமாக வந்திருக்கிறது.